பாதைக்கு ஒரு கோடு போதும்: மலைநாட்டு ஜிபிஎஸ் பதிவுகளை எங்கே வைப்பது?

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ டிரெயில் என்ற நடைபாதை 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பிரதான பாதையை உருவாக்கியவர்கள் அதன் வரைபடத்தைப் பார்த்துக்கொள்வார்கள். இங்கே நான் பேச வந்தது அதைச் சுற்றி நம்மவர்கள் கையில் சேர்ந்து கிடக்கும் பதிவுகளைப் பற்றி. கொட்டகலை ஸ்டேசனில் இறங்கிப் பாதையைப் பிடிக்கும் குறுக்குவழி, கெஹெல்கமு ஓயா பெருகினால் பொகவந்தலாவைப் பக்கம் சுற்றிப் போகும் மாற்றுவழி, தம்பேதன்னையிலிருந்து கார் ரோட்டை விட்டு லிப்டன் சீட்டுக்கு ஏறும் தேயிலை மலைப் பாதை என்று எவ்வளவோ இருக்கின்றன. வழிகாட்டிகளும் தோட்டத்து இளைஞர்களும் நடக்கப் பிரியப்படும் ஆசிரியர்களும் ஆளுக்கொரு போனில் இவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பெயர் "அப்புத்தளை நியூ". இன்னொருவர் "அப்புத்தளை ஃபைனல் 2" அனுப்புவார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தால் ஒரே பாதைக்கு இரண்டு கோடு, இரண்டு நீளம், இரண்டு உயரம். எது சரி என்று கேட்டால் அனுப்பியவருக்கே தெரியாது. பயணிகள் பத்துப் பேரை நம்பி அழைத்துப் போகிறவருக்கு இது விளையாட்டு இல்லை.

ஆகவே இவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எப்படி என்பதில்தான் இழுபறி. நான்கு யோசனைகள் சுற்றிவருகின்றன: எல்லாக் கோப்புகளையும் ஒரு பொது டிரைவில் போட்டுப் பெயர்களை மட்டும் சீராக்குவது; விக்கிலொக், ஆல்டிரெயில்ஸ் மாதிரியான ஒரு செயலியில் ஏற்றிவிடுவது; யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைவது; நாமே கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு மூலக்கோப்பு உருவாக்கி வைத்துக்கொள்வது.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதையின் கோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருக்கட்டும். அந்தப் பாதையைப் பற்றி நாம் எடுக்கும் முடிவுகள், அதாவது எது பிரதான வழி, யார் எப்போது கடைசியாக நடந்தார்கள், தோட்டத்து அனுமதி எப்படி என்பதெல்லாம் நம்மிடம் ஒரு சிறிய கோப்பில் இருக்கட்டும். பயணிகளுக்குக் கொடுப்பது மட்டும் ஜிபிஎக்ஸ், அதாவது ஜிபிஎஸ் கருவிகளும் செயலிகளும் படிக்கும் கோப்பு. மற்ற யோசனைகளிலும் நல்லது உண்டு. ஏன் அவற்றைத் தள்ளுகிறேன் என்று பார்ப்போம்.

கோப்பு வடிவம்: சீக்கிரம் முடிக்கக்கூடிய வாக்குவாதம்

கூட்டங்களில் அதிக நேரம் இதற்குத்தான் போகிறது. தேவையில்லை. ஜிபிஎக்ஸ் 2002-இல் வந்தது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் 1.1 பதிப்பு 2004-இல் வந்தது, அதற்குப் பிறகு மாறவே இல்லை. இருபது வருடம் மாறாத வடிவம் என்பதால் எந்தப் போனும், எந்தக் கைக்கடிகாரமும், எந்தக் கார்மின் கருவியும் அதைப் படிக்கும். கொடுக்கல் வாங்கலுக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் விதியாக்கிக்கொள்ள வேண்டும். ஜிபிஎக்ஸுக்குள் மூன்று வகை உண்டு: புள்ளி, வழி, தடம். 'வழி' என்று சேமித்தால் திருப்பங்கள் மட்டும்தான் இருக்கும். இடையில் எப்படிப் போவது என்பதைச் சில கருவிகள் தாமே கணக்குப் போட்டு, ஆளைக் கார் ரோட்டில் கொண்டுபோய் விடும். 'தடம்' என்றால் நடந்த கோடு அப்படியே இருக்கும். எனவே பாதை எப்போதும் தடமாகத்தான் போக வேண்டும். அப்புறம், கையடக்கக் கருவிகள் சில ஒரு தடத்தில் 10,000 புள்ளிகளுக்கு மேல் ஏற்காமல் மிச்சத்தை வெட்டிவிடும். விநாடிக்கு ஒரு புள்ளி பதிந்தால் மூன்று மணி நேரத்துக்குள் அந்த எல்லை தாண்டிவிடும். வெளியிடும்போது கோட்டைச் சுருக்க வேண்டும். ஆனால் மூன்று நான்கு மீற்றருக்கு மேல் விலக விட்டால், தேயிலை மலையில் வளைந்து வளைந்து ஏறும் பாதைகள் நேர்கோடாகிவிடும்.

மற்ற வடிவங்களில், கேஎம்எல் கூகுள் ஏர்த்தில் அழகாகத் தெரியும். தோட்டத்துத் துரைக்குக் காட்டி அனுமதி கேட்கப் போகும்போது நல்லது, மூலமாக வைக்க உதவாது. ஷேப்ஃபைல் அலுவலகங்களில் இன்னும் புழங்குகிறது. ஒரே வரைபடத்துக்கு நாலைந்து கோப்புகள் சேர்ந்திருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் போகும்போது ஒன்று விடுபடும். தலைப்புகளுக்குப் பத்து எழுத்துதான் இடம், தமிழ் பல நேரம் கேள்விக்குறிகளாக வரும். அதை விட்டுவிடலாம். ஜியோஜேசன் இணையப் பக்கம் செய்கிறவர்களுக்கு வசதி. அதில் நெட்டாங்கு முதலில், அகலாங்கு பிறகு. ஜிபிஎக்ஸில் இரண்டுக்கும் பெயர் போட்டிருக்கும் என்பதால் அங்கே குழப்பமில்லை. ஜியோஜேசனைக் கையால் தொட்டு இரண்டையும் இடம் மாற்றிவிட்டால், அப்புத்தளை ஸ்வால்பார்டுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் போய் விழும். நம்மிடம் இருக்கும் சிறிய கோப்புக்கு ஜியோபேக்கேஜ் வடிவம் போதும். ஒரே கோப்பு, தமிழும் சிங்களமும் சிதையாது, இலவச கியூஜிஐஎஸ் திறக்கும்.

மூலப்பிரதி எங்கே?

பொது டிரைவ் யோசனைக்கு ஆதரவு அதிகம். காரணம் யாரும் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். கோப்புப் பெயரில் இடம், திசை, திகதி போட்டு ஒரே மாதிரி வைத்தால் போதும் என்கிறார்கள். ஐந்தாறு பாதைகள் இருக்கும்வரை இது நடக்கும். பாதைகள் ஒன்றோடொன்று பின்னத் தொடங்கியதும் குலைந்துவிடும். ஒரு பாலம் உடைகிறது என்று வையுங்கள். அந்தப் பாலத்தைத் தாண்டும் கோப்புகள் எட்டு இருந்தால் எட்டையும் தேடித் திருத்த வேண்டும். ஏழைத் திருத்திவிட்டு எட்டாவதை மறப்போம். அந்த எட்டாவதைத்தான் யாராவது தரவிறக்கியிருப்பார்.

நடந்து பதிந்த கோடு சுத்தமானதும் இல்லை. டீ குடிக்க உட்கார்ந்த இடத்தில் கோழி கிளறின மாதிரி ஒரு சிக்கல் விழுந்திருக்கும். அந்தச் சிக்கலும் நீளத்தில் சேரும். போன் பற்றரியை மிச்சப்படுத்த செயலியை நிறுத்திவிட்டால், பள்ளத்தாக்குக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு இருக்கும். யூகலிப்டஸ், பைனஸ் தோப்புகளுக்குள்ளும் ஒடுங்கிய ஓடைகளிலும் கோடு பத்து இருபது மீற்றர் தள்ளி விழும். வெட்டவெளியில் நல்ல போனுக்கு ஐந்து மீற்றர் அளவில் துல்லியம் கிடைக்கும். மலையும் மரமும் சூழ்ந்த இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஒருவர் ஒருமுறை நடந்ததை அப்படியே "பாதை" என்று அறிவிப்பது சரியில்லை. மூன்று நான்கு பேர் நடந்ததை அடுக்கி வைத்து நடுவே வரைவதுதான் பாதை. டிரைவில் அடுக்கி வைத்துப் பார்க்க வழியில்லை.

செயலி யோசனையில் உண்மையான இழுப்பு உண்டு. பயணிகள் ஏற்கனவே அங்கேதான் தேடுகிறார்கள். படம் போடலாம், கருத்து எழுதலாம், வாடிக்கையாளரும் கிடைக்கலாம். விளம்பரத்துக்காக ஏற்றுங்கள், நான் தடுக்கவில்லை. மூலத்தை அங்கே வைப்பதுதான் பிரச்சினை. கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும். அவர் வெளிநாடு போனால் கடவுச்சொல்லும் கூடவே போகும். இன்று இலவசமாக இருப்பது நாளை கட்டணத்துக்குள் போகலாம், நிபந்தனைகள் மாறலாம். ஒரே பாதையை இருபது பேர் ஏற்றியிருப்பார்கள், அதில் நம்முடையது ஒன்று. வழி மாறினால் நம்முடையதைத்தான் திருத்த முடியும். மற்றப் பத்தொன்பதும் பழைய வழியைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் தொடங்கிய திறந்த வரைபடம். அங்கே பாதை தரையில் எத்தனை தடவை இருக்கிறதோ அத்தனை தடவைதான் வரைபடத்திலும் இருக்கும், அதாவது ஒரு தடவை. அந்தப் பாதைத் துண்டுகளைக் கோத்து 'நடைவழி' என்று ஒரு தொகுப்பு உருவாக்கலாம். ஒரே துண்டு இரண்டு மூன்று தொகுப்புகளில் வரலாம். உடைந்த பாலத்தின் துண்டை ஒருமுறை திருத்தினால், அதைத் தாண்டும் எல்லாத் தொகுப்புகளும் சேர்ந்து திருந்தும். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்அண்ட் போன்ற செயலிகள் இந்தத் தரவைத்தான் எடுக்கின்றன. சிக்னல் இல்லாத உடவேரிய மலையிலும், நம் பெயரையே கேள்விப்படாத ஒரு பயணிக்குக்கூட, சில வாரங்களில் அந்தத் திருத்தம் போய்ச் சேரும். இப்படி ஒரு பரவல் வேறு எந்த யோசனையிலும் இல்லை.

அதன் தொந்தரவுகளையும் மறைக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் மாற்றலாம். யாரோ நல்லெண்ணத்தில் ஒரு துண்டைப் பிரிக்கும்போது நம் தொகுப்பில் ஓட்டை விழலாம். பழைய நிலைக்கு மீட்க வரலாறு அங்கேயே இருக்கிறது, ஆனால் மாதம் ஒருமுறையாவது ஒருவர் பார்க்க வேண்டும். வேமார்க்ட் டிரெயில்ஸ் தளத்தில் திறந்தால் கோடு எங்கே அறுந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். அடுத்தது உரிமம். 2012 முதல் அந்தத் தரவு ஓடிபிஎல் உரிமத்தில் வருகிறது: பயன்படுத்தினால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அந்தத் தரவை மாற்றி மேம்படுத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். நாம் விற்பனைக்கு வரைபடம் போடப் போகிறோமா? இல்லையென்றால் இது ஒரு சுமையே இல்லை.

கறாராக இருக்க வேண்டிய ஒன்று: கூகுள் வரைபடத்தைப் பார்த்தோ, நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளைப் பார்த்தோ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையக் கூடாது. அது பிறர் உரிமை. நம் சொந்த ஜிபிஎஸ் பதிவையும் அங்கே அனுமதிக்கப்பட்ட பிங், எஸ்ரி செயற்கைக்கோள் படங்களையும் மட்டும் பயன்படுத்தலாம். அந்தப் படங்களும் செங்குத்தான சரிவுகளில் சற்றுத் தள்ளி நிற்கும், ஆகவே படத்தை நம்பிக் கோட்டை இழுக்காமல், நடந்த பதிவுகளோடு படத்தைப் பொருத்திவிட்டு வரைய வேண்டும்.

நான்காவது யோசனை, கியூஜிஐஎஸ் மூலக்கோப்பு. இதுதான் மிகவும் ஒழுங்கானது, முழுக் கட்டுப்பாடும் நம் கையில். வேண்டிய தலைப்புகளை வேண்டியபடி வைக்கலாம். ஆனால் கோட்டையும் நாமே வரைந்து காப்பாற்றினால், அது ஒரே ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிடும். திருத்தத் தெரிந்தவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த ஒருவருக்கு வேலை கிடைத்து கொழும்புக்குப் போனதும் தரவு உறங்கிவிடும். அதனால்தான் கோட்டைப் பொதுவில் விட்டு, சிறிய அட்டவணையை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம் என்கிறேன். அட்டவணையை வைத்துக்கொள்ளப் பெரிய நிபுணர் தேவையில்லை.

நில அளவைத் திணைக்களத்தின் ஆள்கூறா, உலக ஆள்கூறா?

நம் நாட்டு அளவை முறை பிதுருதலாகலையை மையமாகக் கொண்டது. எஸ்எல்டி 99 முறையில் அந்தச் சிகரத்துக்கு 5,00,000 மீற்றர் கிழக்கு, 5,00,000 மீற்றர் வடக்கு என்று மதிப்புக் கொடுத்து, அங்கிருந்து எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். பழைய தாள்களில் அதே மையத்துக்கு 2,00,000 என்று இருக்கும். எண்கள் மீற்றரில் வருவதால் அலுவலகங்களோடு பேச வசதி. பிரதேச செயலகத்துக்கோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ மண்சரிவு இடத்தைக் காட்ட வேண்டுமானால் இது உதவும்.

ஆனால் ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலக ஆள்கூறு முறையில். உள்ளூர் முறையின் அடிப்படையும் அதன் அடிப்படையும் ஒன்றல்ல. மாற்றாமல் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் கோடு இருநூறு மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். தேயிலை மலையில் இருநூறு மீற்றர் என்பது பக்கத்து டிவிஷன். ஆகவே சேமிப்பது எப்போதும் டபிள்யூஜிஎஸ் 84-இல், தசமப் பாகையில், ஐந்து தசம இடத்தோடு. ஐந்தாவது இடம் ஏறத்தாழ ஒரு மீற்றர், அதற்கு மேல் எழுதுவது வீண். அலுவலகம் கேட்டால் கியூஜிஐஎஸில் ஒரு சொடுக்கில் எஸ்எல்டி 99-க்கு மாற்றிக் கொடுக்கலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. ஜிபிஎக்ஸ் நேரம் உலகப் பொதுநேரத்தில் பதியும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னே. விடியற்காலை ஐந்து மணிக்கு நடை தொடங்கியவரின் கோப்பில் முதல் நாள் திகதி இருக்கும். கோப்பின் உள்ளே இருக்கும் திகதியை நம்பி அட்டவணை நிரப்பாதீர்கள்.

உயரம்: இலங்கைக்கே உரிய தலைவலி

பதிவுகளிலேயே அதிகம் முரண்படுவது உயரம். காரணம் கருவிகளின் தரக்குறைவு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஜிபிஎஸ் நேரடியாக அளப்பது கடல்மட்டத்திலிருந்து உயரத்தை அல்ல. பூமிக்கு ஒப்பாக எடுத்துக்கொண்ட ஒரு வழவழப்பான நீள்கோளத்திலிருந்து உயரத்தை. உண்மையான கடல்மட்டம் அந்த நீள்கோளத்தை விட்டு சில நாடுகளில் மேலே நிற்கும், சில நாடுகளில் கீழே. உலகிலேயே மிக ஆழமாகக் கீழே இறங்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே வித்தியாசம் 106 மீற்றர் அளவு. நம் மலைநாட்டிலும் ஏறத்தாழ நூறு மீற்றர்.

அதனால் என்ன ஆகிறது? ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் செயலி பதிவது நீள்கோள உயரம். அது உண்மையைவிட ஏறத்தாழ நூறு மீற்றர் குறைவாக இருக்கும். ஐபோனும் கார்மின் கருவிகளும் கடல்மட்டத்துக்குத் திருத்திக் காட்டும். சில ஆண்ட்ராய்டு செயலிகள் தாமே திருத்தும், சில திருத்தாது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடந்து பதிந்தாலும் ஒருவருடைய மலை மற்றவருடைய மலையைவிட நூறு மீற்றர் குட்டையாகத் தெரிவது இப்படித்தான். இரண்டு பதிவுகளையும் ஒட்டி ஒரு கோடாக்கினால், ஒட்டிய இடத்தில் நூறு மீற்றர் கிணறு விழும். மொத்த ஏற்றக் கணக்கில் அது அப்படியே கூடிவிடும்.

தெரிவுகள் மூன்று. காற்றழுத்த உயரமானி உள்ள கடிகாரங்கள் ஏற்ற இறக்கத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் மலைநாட்டு வானிலை ஒரு பகலிலேயே புரண்டுவிடும். காலையில் சரிபார்த்தது மாலையில் விலகும். இரண்டாவது, பதிந்த உயரத்தை அப்படியே நம்புவது. மேலே சொன்னதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மூன்றாவது, பதிவில் இருக்கும் உயரத்தை முழுவதும் நீக்கிவிட்டு, எல்லாக் கோடுகளுக்கும் ஒரே உயர மாதிரியிலிருந்து நிரப்புவது. 2000-ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு இலவசம், 30 மீற்றர் கட்டங்களாகக் கிடைக்கிறது. அடர்ந்த காட்டில் அது மரத்தலையையும் சேர்த்து அளந்திருக்கும், ஒடுங்கிய பள்ளங்களை மழுப்பிவிடும். இருந்தாலும் தவறு எல்லாக் கோட்டிலும் ஒரே மாதிரித் தவறாக இருக்கும். ஒரு நாள் நடையை இன்னொரு நாள் நடையோடு ஒப்பிடுகிற பயணிக்கு அந்த ஒரே மாதிரித்தன்மைதான் முக்கியம். மூன்றாவதே என் தெரிவு.

சரிபார்க்க நம்மிடம் இன்னொரு வரப்பிரசாதம் இருக்கிறது: மலையக ரயில் பாதை. நிலையப் பலகைகளில் கடல்மட்டத்திலிருந்து உயரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டிப்பொல 1,890 மீற்றருக்கு மேல், எல்ல ஏறத்தாழ 1,040 மீற்றர். நிலைய மேடையில் போனை எடுத்துப் பார்த்து, பலகையோடு ஒப்பிட்டால், அந்தப் போன் எந்த உயரத்தைப் பேசுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். சைபர் செலவு.

கிலோமீற்றர் கணக்கா, துண்டுக் கணக்கா?

நீண்ட பாதைகளில் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது கிலோமீற்றர் என்று இடங்களைக் குறிக்கும் பழக்கம் உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் இந்தத் தலைவலியைப் பார்க்கலாம்: வழி மாற மாற மொத்த நீளமும் வருடாவருடம் மாறுகிறது, பழைய எண்களும் கூடவே பழசாகிவிடுகின்றன. நியூசிலாந்தில் 2011-இல் திறந்த டே அராரோவா பாதைக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய ஜிபிஎக்ஸ் வெளியிடுகிறார்கள். பழைய பருவக் கோப்போடு வராதீர்கள் என்பதே அங்கே அறிவுரை.

மண் நிலைக்காத நம் மலைகளில் கிலோமீற்றர் கணக்கு இன்னும் மோசமாகப் போகும். நான் சொல்வது துண்டுக் கணக்கு. நகராத இரண்டு அடையாளங்களுக்கு இடையே ஒரு துண்டு, அதற்கு ஒரு எண், அதற்கென்று ஒரு நீளம். நடுவே வழி மாறினால் அந்தத் துண்டின் நீளம் மட்டும் மாறும். மற்றவை அப்படியே இருக்கும். ரயில் நிலையம், பாலம், தேயிலைத் தொழிற்சாலை, கோயில் ஆகியவை நல்ல அடையாளங்கள். தொழிற்சாலை மூடிக் கிடந்தாலும் ஹோட்டலாக மாறினாலும் கட்டடம் அங்கேயேதான் இருக்கும். கொழுந்து மடுவத்தையும் பெயர்ப்பலகையையும் நம்ப வேண்டாம், அவை இடம் மாறும். கோயிலைக் குறித்தால் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று சேர்த்து எழுதுங்கள். வெறுமனே மாரியம்மன் கோயில் என்றால் பாதை முழுவதும் அதேதான்.

பெயர்களுக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தனித்தனி இடம் இருக்கிறது. மூன்றையும் நிரப்புவது நம் வேலை. தோட்டத்து ஆட்கள் சொல்லும் பெயர் பலகையில் இல்லாவிட்டால், மாற்றுப் பெயருக்கான இடத்தில் அதையும் போடலாம். வழி தவறியவர் யாரிடமாவது கேட்கும்போது அந்தப் பெயர்தான் கைகொடுக்கும்.

நம் அட்டவணையில் துண்டு எண், தொடக்கமும் முடிவும், நீளம், கடைசியாக நடந்த திகதி, நடந்தவர் தன் சொந்த வார்த்தையில் எழுதும் ஒரு வரி, அனுமதி நிலை ஆகியவை போதும். இதில் விலைமதிப்பற்றது கடைசியாக நடந்த திகதி. 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலையே இறங்கியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடெங்கும் சரிவுகளை உண்டாக்கியது. அந்தப் புயலுக்கு முன்பு பதிந்த எந்தக் கோட்டையும், மறுபடி யாராவது கால் வைத்துப் பார்க்கும்வரை, 'சரிபார்க்கப்படாதது' என்றே வைத்திருக்க வேண்டும். கோடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சரிதான். திகதி இல்லாத துல்லியமான கோட்டைவிட, போன மாதம் நடந்த சுமாரான கோட்டை நான் நம்புவேன்.

எதைப் போடக் கூடாது

மலைநாட்டுப் பாதை ஆளில்லாத காட்டில் போவதில்லை. லயத்து வாசல்களுக்கு நடுவே போகிறது. காலையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருக்கும் பீலிக்கரை பயணியின் வரைபடத்தில் "குடிநீர்" என்று வந்துவிட்டால், அங்கே யாரோ கேமராவோடு போய் நிற்பார்கள். ஆகவே பீலிகளைப் பொது வரைபடத்தில் குறிக்க வேண்டாம். டிவிஷனில் இருக்கும் கடையைக் குறியுங்கள். அங்கே போத்தல் தண்ணீரும் கிடைக்கும், கடைக்காரருக்கும் பிழைப்பு. பதிந்த மூலக் கோப்பை அப்படியே பகிரவும் வேண்டாம். யார் வீட்டில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தீர்கள் என்பது நேரத்தோடு அதில் இருக்கிறது. சிறுத்தையைப் பார்த்த இடம், வலை கண்ட இடம் ஆகியவற்றை வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லலாம், புள்ளி போட்டு ஊருக்குச் சொல்லக் கூடாது.

தோட்டத்துப் பாதைகளில் பெரும்பாலானவை தனியார் கம்பெனிகளின் பொறுப்பில் இருக்கும் நிலத்தில் போகின்றன. நடக்க விடுகிறார்கள் என்பதால் உரிமை உண்டு என்று ஆகாது. 'பொறுத்துக்கொள்ளும் அனுமதி' என்பதைக் குறிக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தனி அடையாளம் உண்டு, அதைப் பயன்படுத்த வேண்டும். மருந்தடிக்கும் நாட்களில் எந்த மலைக்குள் போகக் கூடாது என்பது அடிக்கடி மாறும் விஷயம், அதை வரைபடத்தில் எழுத முடியாது. நம் அட்டவணையில் தோட்ட அலுவலகத்தைக் கேட்டுவிட்டுப் போகவும் என்று ஒரு குறிப்பு இருந்தால் போதும். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே அனுமதித்த பாதையை விட்டு நடந்த பதிவு யாரிடமாவது இருந்தால், அதை ஒழுங்குபடுத்த வேண்டாம், அழித்துவிடுங்கள். பிதுருதலாகலை உச்சியிலும் அப்படித்தான், அது பாதுகாப்பு வலயம்.

எங்கிருந்து தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. வானிலையே நமக்கு இரண்டு பங்காகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். அந்தப் பாதியை ஜனவரி முதல் மார்ச் வரை நடந்து பதியலாம். அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பசறைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காற்றடித்தாலும் மழை குறைவு. அந்தப் பாதிக்கு அந்த மாதங்கள்.

ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரண்டு பேர் வெவ்வேறு போன்களில் பதிய வேண்டும், ஒருவர் ஏறி, ஒருவர் இறங்கி. பற்றரிச் சேமிப்பை நிறுத்திவிட்டு, போனைக் காற்சட்டைப் பையில் வைக்காமல் பையின் மேல் வாரில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். வீடு திரும்பிய வாரமே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்துவிட வேண்டும், தள்ளிப் போட்டால் எந்தச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினோம் என்பதே மறந்துவிடும். அட்டவணைக்குச் சாவி இருவரிடம் இருக்கட்டும், இருவரும் வெவ்வேறு ஊர்க்காரர்களாக. பருவத்துக்கு ஒருமுறை ஜிபிஎக்ஸ் வெளியிட்டு, கோப்பின் பெயரிலேயே வருடத்தையும் மாதத்தையும் போட்டு, முந்தைய கோப்பை எடுத்துவிட வேண்டும். வட்ஸ்அப்பில் கோப்பு கேட்டு வருகிறவருக்குக் கோப்பை அனுப்பாமல், எப்போதும் புதியது இருக்கும் இணைப்பை மட்டும் அனுப்பினால், "ஃபைனல் 3" பிறக்காது.